ஆறாவது மணற்பாய்

யானை வேலி எங்கள் வயல்களுக்கு அந்தப் பக்கத்தால் போகுமா, இந்தப் பக்கத்தால் போகுமா என்ற கேள்வியோடுதான் அந்த வருடம் எங்களுக்குத் தொடங்கியது. மல்லாவியில் இருந்து உள்ளே போகும் கிரவல் பாதையின் முடிவில் எங்கள் ஊர். குளம், குளத்துக்குக் கீழே வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வரிசையாக ஆறு வயல்கள், வயல்கள் முடிகிற இடத்தில் காடு. வேலி காட்டோரமாகப் போனால் ஆறு வயலும் எங்கள் பக்கம். வாய்க்காலோரமாகப் போனால் ஆறும் யானையின் பக்கம். ஆறாவது வயல் அம்மாவுடையது. அப்பா இல்லாமற்போன பிறகு அதை அம்மா தனியாகத்தான் செய்துவருகிறார். எங்களுக்கு வேறு வயல் இல்லை.

பொதுநோக்கு மண்டபத்தில் அதிகாரிகள் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது சிவப்புக் கோடு வாய்க்காலோரமாகவே போனது. காட்டுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் வெளியால்தான் யானைகள் குளத்துக்குப் போய்வருகின்றன, அதை மறித்து வேலி போட்டால் ஒரு மாதமும் நிற்காது என்று சொன்னார்கள். ஐந்தாவது வயல்காரர் எழும்பினார். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா.

“சேர், அவையின்ர பாதை பழைய வண்டில் பாதை. கிழக்கால சுத்திக் குளக்கட்டின்ர வால்பக்கத்துக்குப் போகும். அதாலதான் போறவை, அதாலதான் வாறவை.”

“எப்பிடிச் சொல்லுறீங்கள்?”

“நாங்கள் அங்கயே கிடக்கிற சனம் சேர்.”

“அது சரி ஐயா. எழுத்தில என்ன இருக்கு?”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். மற்ற வயல்காரரும் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அவர் படிக்கவேண்டிய வயதில் குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. நான் வவுனியாவில் பட்டம் முடித்துவிட்டு, மல்லாவியில் பின்னேரங்களில் விஞ்ஞானம் ரியூசன் கொடுக்கிறேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஊர் என்னைத்தான் பார்க்கும்.

கம்பஸில் இருந்த காலத்தில், வடக்கின் குளங்களில் பறவைகளை எண்ணும் தொண்டர் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். தை மாதத்தில் ஆளுக்கொரு குளமாகப் பிரித்துக்கொண்டு, விடிய வெள்ளனப் போய், வலசை வந்த தாராக்களை எண்ணி அட்டையில் எழுதுவோம். மீன்பிடிக்கிறவர்கள், ஆசிரியர்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். அந்தப் பதிவுகளைச் சரிபார்ப்பவர் பல்கலைக்கழகத்தில் வேலைசெய்யும் ஓர் இளம் பெண். நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்போம். அவருக்குப் போன் எடுத்து, யானைகளையும் இப்படி எண்ணலாமா என்று கேட்டேன்.

“யானையை எண்ண வேண்டாம். எண்ணப் போனா எண்ணுறவர் மிஞ்சமாட்டார். தடத்தைப் பாருங்கோ,” என்றார்.

மணற்பாய் அப்படித்தான் எங்கள் ஊருக்கு வந்தது. வயல் வரம்பில் இருந்து காட்டின் முதல் மரம் வரைக்கும் குறுக்காக, ஒரு பாய் அகலத்தில் நிலத்தைக் கொத்தி, மேலே மணல் பரவி, விளக்குமாற்றால் மட்டப்படுத்தி வைப்பது. அந்த வெளியால் எது நடந்தாலும் அதன்மேல் கால் வைத்தே ஆக வேண்டும். விடிய ஒருமுறை பார்த்து, அட்டையில் எழுதி, மறுபடி கூட்டிவிட வேண்டும். வயலுக்கு ஒன்றாக ஆறு பாய்கள். ஒப்பிட்டுப் பார்க்க வண்டில் பாதையில் ஏழாவது, அதையும் அம்மாவே பொறுப்பெடுத்தார். அட்டையில் இரண்டு கட்டங்கள்தான்: திகதி, யானைத் தடம். யானைகள் வண்டில் பாதையால் போகின்றன, வயலோரத்தால் போவதில்லை என்று ஏழு அட்டைகளும் சேர்ந்து காட்டினால் அந்தச் சிவப்புக் கோட்டை நகர்த்தக் கேட்கலாம்.

வைகாசியில் தொடங்கி ஆவணி முடியும்வரை, சிறுபோகம் முழுக்கப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் அட்டைகளைச் சேர்த்து மடிக்கணினியில் ஏற்றினேன். வண்டில் பாதை அட்டையில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது. வயலோர அட்டைகளில் எங்காவது ஒன்றிரண்டு. எனக்குப் பெரிய சந்தோஷம்.

புரட்டாதியில் மிஸ் நேரில் வந்தார். மாமா வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தார்.

“தம்பி, மூண்டாம் பாய்க்கு ஆடியில என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை மிஸ்.”

“ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லையோ?”

“ஒரு நாளும் விடாமப் பாத்தவை.”

“அப்ப ஏன் கட்டமெல்லாம் வெறுமையாக் கிடக்கு?”

“அது மிஸ், பெரியவர் வந்து…” என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அந்த வசனத்தை முடிக்க எனக்கே வாய் வரவில்லை.

வயல்பக்கம் நின்று யாரும் யானை என்று சொல்வதில்லை. பெரியவர் என்போம். அது பல ஊர்களில் உள்ளதுதான். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. பெரியவர் வராத காலையில் ‘வரவில்லை’ என்று வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கூப்பிட்டதுபோல. வரம்பில் எதிரே வருகிறவர் “என்ன, பெரியவர்?” என்று கேட்டால், வந்துபோன நாளில் விபரமாகச் சொல்லலாம், திட்டலாம், அழலாம். வராத நாளில் “வயல் கிடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள், வராத நாளுக்கு நேரே பேனையால் ‘இல்லை’ என்று எழுதுவார்களா? கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நாலு மாதம் அட்டை சேர்த்த நானும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வெறுங்கட்டம் எனக்கு அச்சடித்த எழுத்துப்போல விளங்கியது. பட்டம் எடுத்தவன் பிடித்திருக்க வேண்டிய பிழை. ஊர்க்காரன் என்பதால் என் கண்ணில் படவில்லை.

நான் சொன்னதை மிஸ் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு விளங்குது தம்பி. ஆனா வெறுங்கட்டம் ரெண்டு விதமாக் கதைக்கும். யானை வரேல்லை எண்டும் சொல்லும், பாக்கிற ஆள் வரேல்லை எண்டும் சொல்லும். எது எண்டு அவை கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?”

அவர் அதை அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாகச் சொன்னபோது, தேத்தண்ணித் தட்டோடு வந்த மாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “பிள்ளை, மெல்லச் சொல்லுங்கோ,” என்றார்.

எங்கள் வழக்கு முழுவதும் அந்த வெறுங்கட்டங்களில்தான் இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டதை மட்டும் நாங்கள் எழுதாமல் விட்டிருந்தோம்.

“இதுக்கேன் இவ்வளவு கதை?” என்றார் மாமா. “மருமோன், நீ கொம்பியூட்டரில சைபரை அடிச்சு விடு. நீ அடிச்சா எங்களுக்குத் தோஷமில்லை.”

“நான் பாக்கேல்லையே மாமா.”

“நாங்கள் பாத்தனாங்கள்தானே! பொய்யே சொல்லச் சொல்லுறன்?”

“பொய்யில்லை. ஆனா எந்தெந்த நாள் பாத்தனீங்கள், எந்த நாள் செத்த வீட்டுக்குப் போனனீங்கள் எண்டு இப்ப சொல்லுவீங்களோ?”

மாமா விரல்களை மடித்து யோசித்தார். இரண்டு விரலோடு நின்று, பிறகு அவற்றையும் விரித்துவிட்டார். “கம்பஸ் மருமோனோட கதைக்கேலாது,” என்று மாமியிடம் சொன்னார்.

வேலிக்கான கடைசிக் கூட்டம் மாசி முடிவில் என்று சொல்லியிருந்தார்கள். மழை காலத்தில் மணலில் ஒன்றும் நிற்காது. தையில் தொடங்கி ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாளில் ஒரு நாளும் விடாமல் திரும்பப் பார்க்கலாம் என்று மிஸ் சொன்னார். கதிர் முற்றுகிற காலம் அது. யானைக்கு வயலில் ஆசை கூடுகிற காலம். அப்போது வயலோரத்தில் தடம் இல்லாவிட்டால், அந்தப் பதிவுக்கு நல்ல பெறுமதி இருக்கும்.

எழுதவைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மழைக்குள் வீடு வீடாகப் போனேன். ‘இல்லை’ வேண்டாம், ஒரு கோடு கீறிவிடுங்கோ என்றேன். “கோடு கீறினாலும் சொன்னதுதான்,” என்றார் அம்மா. ஒரு புள்ளி வையுங்கோ என்றேன். மூன்றாம் வயல்காரர் புள்ளிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு குளத்தடியில் அவர் தம்பி செய்த வயலில் போன வருடம் ஒரே இரவில் முக்கால்வாசி போனது, முதல்நாள் யாரோ வாய்தவறிச் சொன்னதால்தான் என்று அவர் நம்பினார். நான் வாதாடவில்லை. நம்பாத எனக்கே மிஸ்ஸுக்கு முன்னால் வாய் வரவில்லையே.

மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு காலை, மாமாவை ஐந்தாம் பாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணல் ஈரமாக, தடம் பிடிக்கத் தோதாக இருந்தது.

“மாமா, இதில என்ன கிடக்கு?”

“வயல் கிடக்கு.”

“வயலை விடுங்கோ. மணல்ல?”

குனிந்து பார்த்தார். “நாய். உங்கட வீட்டு நாய்தான், பின்னங்காலை இழுக்குது. இது மயில், ரெண்டு. இது கீரி. இந்தா, உன்ர சிலிப்பர். குதி தேஞ்சு போச்சு, புதுசு ஒண்டை வாங்கன்ரா.”

“நாயை எழுதினாத் தோஷமோ?”

“நாயை எழுதினா நாய் வரும். வரட்டன். அது எந்த நாளும் வாறதுதானே.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். “அட,” என்றார் மாமா.

புதிய அட்டையில் கேள்வியை மாற்றினோம். மணலில் என்ன கிடக்கிறதோ அதை எழுதுங்கோ, அவ்வளவுதான். வராதவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் மயிலும் கீரியும் இருந்தால், அன்று ஓர் ஆள் போய்ப் பார்த்திருக்கிறார், வேறொன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். மிஸ்ஸிடம் போனில் சொன்னபோது சிரித்தார். “முந்தினதைவிட இது நல்லது. எனக்கு நரியும் முயலும் சும்மா கிடைக்குது. ஒரு நாளும் விடாதேங்கோ, அதுதான் முக்கியம்.”

தை முதலாம் கிழமையில் இருந்து அட்டைகள் நிறையத் தொடங்கின. மாமா முதல் நாளே ‘மயில் 2, கீரி 1, மாமி 1’ என்று எழுதிவைத்தார். மாமி கேள்விப்பட்டுப் பாயைச் சுற்றிக்கொண்டு போக, அடுத்த நாள் ‘மாமி சுத்திப் போயிட்டா’ என்று எழுதினார். மூன்றாம் வயல்காரர் ‘என்னெண்டு தெரியாது, சின்னப்பிள்ளையின்ர கால்மாதிரி’ என்று பயந்துபோய் எழுதியதை மிஸ் நான் போனில் அனுப்பிய படத்தில் பார்த்து முள்ளம்பன்றி என்றார். அதற்குப் பிறகு அவர் முள்ளம்பன்றியை வேறு யாருடைய பாயிலும் இருக்க விடவில்லை. மற்றவர்கள் கண்டதையெல்லாம் காட்டுப்பூனை என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா எழுதவில்லை, கீறினார். மயிலுக்கு மூன்று கோடு, முயலுக்கு நாலு புள்ளி, நரிக்கு நாயைவிட ஒடுக்கமான ஒரு வட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைச் சொற்களாக்கி ஏற்றுவேன். முதல் ஐந்து பாய்களும் நாங்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தன. வண்டில் பாதையில் பெரிய தடங்கள் வந்தும் போயும் கிடந்தன.

மூன்றாம் கிழமையில் ஒரு காலை. அம்மா வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றார், நான் முன்னால் போனேன். ஆறாவது பாயின் நடுவில், அரிசி புடைக்கும் சுளகு அகலத்தில் தடங்கள். வண்டில் பாதை வளைகிற மூலையில் இருந்து வெளியால் வந்து, பாயைத் தாண்டி, எங்கள் வயலுக்குள் இறங்கியிருந்தன. ஓரத்தில் ஒரு அறை அளவுக்கு நெல் படுத்துக்கிடந்தது.

பின்னால் அம்மா வந்து நின்றார். தடத்தையும் படுத்த நெல்லையும் பார்த்தார்.

“கூட்டிவிடு,” என்றார்.

“அம்மா…”

“தள்ளு, நான் கூட்டுறன்.”

விளக்குமாற்றை நான் விடவில்லை. அம்மாவின் கையும் அதில் இருந்தது.

“அஞ்சு பாயிலயும் நாயும் மயிலும். எங்கடதில மட்டும் இது கிடந்தா அவங்கள் என்ன செய்வாங்கள் எண்டு தெரியும்தானே?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எழுதப்போறியோ?”

“இதை மறைச்சா மற்ற அஞ்சு அட்டையும் ஒண்டுக்கும் உதவாதம்மா. சைபர் போட வேண்டாம் எண்டு மாமாவை மறிச்சது நான்தானே.”

“மாமான்ர வயலைப் பற்றி என்னோட கதைக்காதை. உன்னைப் படிப்பிச்சது இந்த வயல்.”

அம்மாவின் அட்டையை எடுத்து, கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் கீழே ‘யானை, ஒன்று, வயலுக்குள்’ என்று எழுதினேன். அந்த அட்டையில் இருந்த எழுத்து அது மட்டும்தான். பிறகு விளக்குமாற்றை விட்டேன். அம்மா மணலைக் கூட்டினார். தேவைக்கு மேலே, நெடுநேரம் கூட்டினார்.

மிச்ச நாட்களில் இன்னும் இரண்டு தரம் வந்தது. இரண்டு தரமும் எழுதினேன். அம்மா ஆறாவது பாயடிக்கு வருவதை விட்டுவிட்டார். வண்டில் பாதைப் பாயை மட்டும் பார்த்து, கீறி, குசினி யன்னலில் செருகி வைப்பார். எனக்குச் சாப்பாடு போட்டு மூடியிருக்கும். “கறி சூடாக்கு”, “சைக்கிளுக்குக் காத்தில்லை”, இவ்வளவுதான் எங்களுக்குள் கதை. அட்டை சேர்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை மாமா ஆறாவதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மாட்டக் கேட்டனியோ?”

“அவா கூட்டச் சொன்னவா.”

“நானெண்டாலும் கூட்டியிருப்பன்,” என்றார். அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

மாசி முடிவில் பிரதேச செயலகத்தில் கூட்டம். மிஸ் அட்டைகளை மேசையில் பரப்பி, சுவரில் படம் போட்டு விளக்கினார். ஏழு வரிசை, ஆறு கிழமை, வெறுங்கட்டம் ஒன்றும் இல்லை. மழை பெய்த நாளுக்குக்கூட ‘மழை அடிச்சது, ஒண்டும் தெரியேல்லை’ என்று இருந்தது. வேலிக்குப் பொறுப்பான அதிகாரி ‘மாமி 1’ இல் நின்று, இது என்ன மிருகம் என்று கேட்டார். மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கடைசிவரை கவனமாகப் பார்த்தார்.

“அஞ்சு வயலுக்குக் காட்டோரமாப் போடலாம். இதில எனக்கு ஆட்சேபம் இல்லை,” என்றார். பிறகு பென்சிலால் ஆறாவது அட்டையைத் தொட்டார். “இந்த இடத்தில அதுகள் வளைஞ்சு உள்ள வருது. இதில தூண் நட்டாப் பிடுங்கும், பிடுங்கினா மற்ற அஞ்சுக்கும் வழி திறந்திடும். வேலி இங்க உள்ளுக்கு வளைய வேணும். இது ஆற்ற வயல்?”

“எங்கட, சேர்.”

“இந்த எழுத்து?”

“என்ர.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பதில் சொல்ல எழும்பிய நான் திரும்ப உட்காரவில்லை. மூன்று தடமும் கதிர் முற்றின பிறகுதான் விழுந்தன, மற்ற மாதங்களுக்கு எங்களிடம் ஒழுங்கான பதிவு இல்லை, ஒரு முழு வருடம் பார்த்துத் தந்தால் ஆறாவது வயலின் கோட்டைத் திரும்பப் பரிசீலிப்பீர்களா என்று கேட்டேன். எழுதித் தாருங்கோ, பார்க்கிறேன் என்றார். மிஸ்ஸிடம் ஒரு தாள் வாங்கி, அங்கேயே, மற்றவர்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருக்க, மேசை ஓரத்தில் நின்று எழுதி, பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். மாமா பஸ் தரிப்பிடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வயல் தப்பியிருந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“அஞ்சு வயல் தப்பிச்சுதாம். அண்ணை போன் எடுத்தவர்,” என்றார். மாமாவை என்னிடம் அவர் ‘அண்ணை’ என்று சொன்னதே இல்லை, ‘மாமா’ என்றுதான் சொல்வார். அவ்வளவு தடுமாற்றம். “எங்கட?”

“அடுத்த மாசி வரைக்கும் பதிவு குடுத்தா திரும்பப் பாப்பினம். எழுதிக் குடுத்திட்டன்.”

“அப்ப ஒரு வருசம் வேலிக்கு அங்கால நிண்டு விதைக்கச் சொல்லுறாய்.”

“ஓம் அம்மா.”

அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். “சிறுபோகத்துக்கு எள்ளுப் போடுவம்,” என்றார். “எள்ளை அவர் திரும்பியும் பாக்கமாட்டார்.”

அது நல்ல யோசனை. ஆனால் எள் விதைத்த நிலத்துக்கு யானை வராமல் விடுவதும் நெல் விதைத்த நிலத்துக்கு வராமல் விடுவதும் ஒன்றல்ல. சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

“அப்ப என்ன பயிர் நிண்டது எண்டும் அட்டையில எழுத வேணுமம்மா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“எழுது,” என்றார். “எள்ளெண்டு எழுது, நெல்லெண்டு எழுது. எல்லாத்தையும் எழுது. ஆனா விடிய விடிய நீயே போய்ப் பார். அந்தப் பாயை இனி நான் பாக்கமாட்டன்.”

பங்குனியில் தூண்கள் நட்டார்கள். வேலி மாமாவின் மூலையில் வளைந்து வாய்க்காலுக்குத் திரும்புகிறது. எங்கள் வயலுக்குப் போய்வர ஒரு சிறிய படலை விட்டு, பூட்டும் போட்டிருக்கிறார்கள். பூட்டின் திறப்பு அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. காலையில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறேன். எள் பூத்திருக்கிறது. அட்டையில் பயிருக்கென்று ஒரு கட்டம் கூட்டியிருக்கிறேன், அதையும் சேர்த்து நிரப்பி, மணலைக் கூட்டிவிட்டு, திறப்பைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்கிறேன். இன்றைக்கு நரி இரண்டு, உடும்பு ஒன்று. இதுவரை ஒரு நாளும் விடவில்லை.